மூத்தார் அமுக்கிய பொத்தான்

அத்தியாயம் 17

அந்த வீட்டின் சின்ன மருமகளுக்குப் பெயர்கள் பல. வீட்டில் சின்னவள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஸ்க்ரீன் அக்கா. கணவனின் அண்ணனுக்கு, அதாவது அவளுடைய மூத்தாருக்கு, நல்ல மூடில் இருந்தால் கம்ப்யூட்டரம்மா. கெட்ட மூடில் இருந்தால் "உன் பெண்டாட்டி". அதைத் தம்பியைப் பார்த்துத்தான் சொல்வார், அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாலும்.

போன வாரம் "உன் பெண்டாட்டி"யில்தான் விட்டோம். சின்னவள் எழுதிக் கொடுத்த மென்பொருள் மூத்தாரைப் பார்த்து, "நீங்கள் திறந்து வைத்திருக்கும் பக்கம் பழசு. மறுபடி திறந்து பார்த்துவிட்டுச் சேமியுங்கள்" என்று சொல்லிவிட்டது. சொன்னதுகூடப் பரவாயில்லை. டிரைவர்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னது. மனிதர் கொதித்துவிட்டார்.

"என் ஆபீஸ்ல, நான் கட்டுற கரன்ட்ல ஓடுற மிஷின் என்னையே போயிட்டு அப்புறம் வாங்கன்னு சொல்லுதா? அதை எடுக்கச் சொல்லுடா உன் பெண்டாட்டிய!"

"எடுத்துடேன். அண்ணனுக்குத் தெரியாததா?" என்றான் கணவன்.

சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் யாரோடும் பேசவில்லை. தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். ஆனால் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டாள். எடுக்கிறபோதே இது நல்லதுக்கில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்தாளே, அதைத்தான் என்னாலும் ஜீரணிக்க முடியவில்லை.

குடும்பத்துக்குத் தொழில் வேன். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி மையத்தில் இறக்குவார்கள். முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த மையத்தோடு உள்ள ஒப்பந்தத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சின்னவளின் அப்பாவும் அந்த மையத்தில்தான் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். காத்துக் கிடந்து வாங்கிய இடம். அங்கே ஒரு கறார் விதி உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனால் முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அப்பாவுக்கு முதல் தடவை ஏற்கெனவே ஆகிவிட்டது, காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது.

அன்று காலை கணவன் பட்டறையிலிருந்து கூப்பிட்டான்.

"மூணாவது வண்டி பிரேக் பிடிக்கல. இன்னிக்கு வராது. மத்தியான ஆளுங்க ஏழு பேரையும் ரெண்டாவது வண்டிக்கு மாத்திடு."

"தொப்பிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஸ்க்ரீன்ல வந்தா அவரே பார்த்துக்குவார்."

தொப்பி என்பது இரண்டாவது வண்டி ஓட்டுகிறவர். தூங்கும்போதும் தொப்பியைக் கழற்ற மாட்டார் என்று பேச்சு.

சின்னவள் பக்கத்தைத் திறந்தாள். மேலே இன்றைய நாள். அதற்குக் கீழே வண்டிகள். ஒவ்வொரு வண்டிக்குக் கீழேயும் அது போகிற ஓட்டங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குள்ளும் ஆட்கள், ஆளுக்கு ஆள் ஏற வேண்டிய நேரம், சக்கர நாற்காலி வேண்டுமா, படியில் கை பிடிக்க வேண்டுமா என்கிற குறிப்புகள். ஒன்றுக்குள் ஒன்றாக எல்லாம் ஒரே பக்கத்தில். அதுவும் மூத்தார் ஆசைப்பட்டதுதான். "அங்க போ, இங்க போன்னு பத்துப் பக்கம் தாவ எனக்குப் பொறுமையில்ல. எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும்" என்றார். அப்படியே செய்து, அடியில் சேமி என்று ஒரே ஒரு பொத்தான் வைத்துக் கொடுத்தாள்.

ஏழு பேரையும் மூன்றாவது வண்டியிலிருந்து இரண்டாவது வண்டிக்குள் இழுத்துப் போட்டாள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்களின் நேரத்தையும் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலிப் பாட்டியும் பருத்த வாத்தியாரும் ஒரே வரிசையில் வந்தால் இடம் போதாது. மாற்றி மாற்றிப் போட்டாள். ஏழு பேரில் ஒருவர் அப்பா. அவரை முதலில் ஏற்றினால் வெயிலில் காத்து நிற்க வேண்டாம். ஆனால் ஆபீஸ் போனை எடுக்கும் ஓரகத்தி, மூத்தாரின் மனைவி, கண்ணில் பட்டால் ஒரு வாரத்துக்கு அதுவே பேச்சாக இருக்கும். அதனால் கடைசியில் போட்டாள். மூன்றாவது வண்டிக்கு எதிரே "ஓட்டம் இல்லை" என்று குறித்தாள். எல்லாம் முடிந்து ஒரே அமுக்கு. தொப்பியின் வண்டித் திரையில் ஏழு பேரும் போய் உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகு மகளின் பள்ளிக்குக் கிளம்பினாள். ஆசிரியரைப் பார்க்க வேண்டிய நாள். போனைச் சத்தமில்லாமல் பையில் போட்டாள்.

இனி மூத்தார். அவர் ஆபீசைத் திறந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தவர்தான். சின்னவள் மாற்றியது அதற்கப்புறம். அவர் திரையில் மூன்றாவது வண்டி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஏழு பேரும் இருந்தார்கள். அவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேப்பர் படித்தார், டயர்காரரோடு சண்டை போட்டார், காபி குடித்தார். அவருக்கு ஒரு பழக்கம். சாப்பிடப் போகுமுன் அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்காமல் எழுந்திருக்க மாட்டார். எதையும் மாற்றியிருக்க மாட்டார், சும்மா அமுக்குவார். கேட்டால், "என் கை படாம எந்த வேலையும் முடிஞ்சதா அர்த்தமில்ல" என்பார்.

அன்றும் அமுக்கினார்.

பொத்தானுக்கு எது பழசு, எது புதுசு என்று தெரியாது. திரையில் இருப்பதை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்ப் போட்டுவிடும். தடுத்துக்கொண்டிருந்த எச்சரிக்கைதான் இப்போது இல்லையே. ஏழு பேரும் மூன்றாவது வண்டிக்கே திரும்பிப் போனார்கள். அந்த வண்டியோ பட்டறையில் சக்கரமில்லாமல் நின்றது. உள்ளே மாட்டியிருந்த திரையில் அவர்கள் வரிசையாக வந்து நின்றதைப் பார்க்க ஆளில்லை.

தொப்பி மட்டும் கவனித்தார். ஆபீசுக்குப் போன் போட்டார்.

"முதலாளி, எனக்கு ஏழு பேர் வந்தாங்க, இப்ப காணோமே?"

"நான் பார்த்துத்தான் போட்டிருக்கேன். இருக்கறதை ஓட்டுய்யா" என்றார் மூத்தார். வாயில் சோறு இருந்தது.

சின்னவள் பள்ளியை விட்டு வெளியே வந்து போனை எடுத்தபோது தவறிய அழைப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாம் அப்பாவின் மாடி வீட்டு டெய்லர்.

"எங்கம்மா இருக்கே? உங்கப்பா வண்டிக்கு நின்னு நின்னு பார்த்துட்டு, நடந்தே போறேன்னு கிளம்பிட்டார் போல. முக்குக் கடை வாசல்ல உட்கார்ந்துட்டார். மூச்சு விட முடியல. ஆம்புலன்ஸ் வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டேன். சீக்கிரம் வா."

மகளையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

உடம்பில் நீர் ஏறிவிட்டது, அவசரமாக டயாலிசிஸ் போட்டிருக்கிறோம், முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள். நடைபாதை பெஞ்சில் மகளை உட்காரவைத்துவிட்டு, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மூன்றாவது வண்டி. ஏழு பேர். அவர்களில் அப்பா. அவள் காலையில் செய்த வேலையின் சுவடே இல்லை. என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆபீசுக்குப் போட்டாள். ஓரகத்தி எடுத்தாள்.

"அக்கா, மத்தியானம் வண்டி வரலன்னு யாரும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டாங்க. வந்துட்டே இருக்குன்னு சொன்னேன். அப்புறம் அவங்கவங்க காரைப் பிடிச்சுப் போய்ச் சேர்ந்துட்டாங்களாம், லேட்டா. ஏன்?"

"எங்கப்பா போகலக்கா. ஆஸ்பத்திரில இருக்கார்."

"ஐயையோ! ஒரு போன் போட்டிருக்கலாம்ல அவரு? வாயில்லையா?"

வாய் இருந்தது. போன மாதம் வண்டி தாமதமானபோது போட்டார். எடுத்தவள் இதே ஓரகத்தி. "உங்களுக்கென்ன, பொண்ணு வீட்டு வண்டி, நினைச்சா கூப்பிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் தைத்தது. அன்றோடு அவர் அந்த எண்ணுக்குப் போன் போடுவதை விட்டுவிட்டார்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். கணவன் மகளின் தலையைத் தடவிவிட்டு, "எப்படி இருக்கார்?" என்றான். மூத்தார் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

"மாமா, மத்தியானம் நீங்க சேமி அமுக்கினீங்களா?"

"அமுக்கினேன். தினமும்தான் அமுக்குறேன். அதுக்கென்ன?"

"காலையில திறந்த பக்கத்தை அமுக்கியிருக்கீங்க. நான் மாத்தினது எல்லாம் போச்சு. முன்னாடி இருந்திருந்தா அதுவே நிறுத்தியிருக்கும். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

மூத்தார் அவளை நேராகப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு தம்பியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசினார்.

"சரி, நான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிட்டேன். நீ தெரிஞ்சவதானே? மருந்து கசக்குதுன்னு நோயாளி சொன்னா டாக்டர் நிறுத்திடுவாரா? எடுத்தா இப்படியெல்லாம் ஆகும்னு என்கிட்ட வந்து சொன்னியா? மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு எடுத்துக் கொடுத்தே. இப்ப என்னைக் கேக்குறே!"

அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவரிடமிருந்து வந்த நியாயம் என்பதால் இன்னும் எரிந்தது.

"விடுண்ணே, ஆஸ்பத்திரில வெச்சு எதுக்கு?" என்று கணவன் நடுவில் புகுந்தான். பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தினான். "மையத்தை நடத்துற மேடம் போன்ல கேட்டுட்டாங்க. ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயம் பாரு. ஆறு பேர் லேட்டா வந்ததுக்கு வண்டி ரிப்பேர்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. உங்கப்பா விஷயந்தான் இடிக்குது. ஒரு நோயாளியை ஏத்தாம விட்டோம்னு ஆச்சுன்னா, அவ்வளவுதான், வேற வண்டிக்காரனைக் கூப்பிட்டுடுவாங்க."

"விட்டோம்தானே?"

அதற்குள் நர்ஸ் வந்து கூப்பிட்டாள்.

அப்பா தலையணையில் சாய்ந்து கிடந்தார். முகம் ஊதியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, காலையிலேயே போட்டுக்கொண்டிருப்பார் போலிருக்கிறது, கசங்கி நாற்காலியில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் முதலில் கதவைப் பார்த்தார், கூட யாராவது வருகிறார்களா என்று.

"நீ மட்டும்தானே? கேட்டுக்கோ. மையத்துல இருந்து போன் வந்துச்சு. வண்டி வந்துச்சு, நான்தான் மறந்து தூங்கிட்டேன், கதவைத் திறக்கலன்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க. யார் கேட்டாலும் நீயும் அப்படியே சொல்லு."

"என்னப்பா சொல்றீங்க? எதுக்கு?"

"எதுக்குன்னா? உன் கொழுந்தன் மேலயோ, இல்ல நீ எழுதின மிஷின் மேலயோ பழி வரும். அந்த வீட்ல உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது."

கொழுந்தனில்லை, மூத்தார் என்று திருத்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ரெண்டாவது தடவைப்பா! உங்க இடம் போயிடும். தெரியும்ல?"

"தெரியும். வேற எங்கயாவது கிடைக்கும்."

"எங்க கிடைக்கும்? எத்தனை பேர் வரிசைல நிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே பேசுறீங்களே! லிஃப்ட் நடுவுல நின்னுட்டா, உள்ள மாட்டிக்கிட்டவன் மேலதான் தப்புன்னு ஒரு நாளாவது எழுதிக் கொடுத்திருக்கீங்களா நீங்க?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அது வேலைம்மா. இது சம்பந்தி வீடு."

கதவருகில் செருப்புச் சத்தம் கேட்டது. கணவன் வந்து நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. ஆனால் வேண்டியதெல்லாம் காதில் விழுந்திருந்தது. முகம் லேசாகி, தோள் தளர்ந்து, மூச்சை விட்டான்.

"நல்லதாப் போச்சு" என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாய் தவறி வந்த நிம்மதி அது. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால்கூட அவளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

அவனை நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"எது நல்லதாப் போச்சு?"

"கத்தாதே. உங்கப்பாவே தன் வாயால சொல்லிட்டார். நாம ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலையே. அவருக்கு வேற மையம் பார்க்கலாம், நானே அலைஞ்சு திரிஞ்சு பார்க்கிறேன், சத்தியமா. கம்பெனிக்கு வேற மையம் கிடைக்குமா சொல்லு? எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கு? தொப்பி வீடு, நம்ம வீடு..."

"எங்கப்பா வீடு?"

"அதான் பார்க்கிறேங்கறேனே!"

அவள் போன் அடித்தது. மையத்து மேடம்.

"உடம்பு இப்ப எப்படி இருக்கு அவருக்கு?" குரலில் உண்மையான அக்கறை இருந்தது. "சங்கடமா இருக்கும்மா, ஆனா சொல்லித்தான் ஆகணும். மறந்து தூங்கிட்டேன்னு அவரே சொல்றார். ரெண்டாவது தடவை. காத்திருக்கறவங்க கழுத்துல கத்தி வெச்ச மாதிரி நிக்கிறாங்க. அவர் இடத்தை இன்னொருத்தருக்குக் கொடுக்கிறோம். சரின்னு சொன்னீங்கன்னா இப்பவே மாத்திடுவேன்."

கணவனுக்கும் கேட்டது. அவன் தலையை ஆட்டினான், ஒன்றும் பேசாதே என்று. பெஞ்சிலிருந்து மூத்தாரும் எழுந்துவிட்டார்.

சின்னவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாத்தாதீங்க மேடம். அவர் மறக்கல. காலையிலேயே சட்டை போட்டுக்கிட்டு வாசல்ல நின்னார். வண்டிதான் போகல. அவரை வேற வண்டில மாத்தி வெச்சிருந்தோம். அதுக்கு மேல பழைய பக்கத்தை எங்க ஆபீஸ்ல சேமிச்சுட்டாங்க. அப்படி ஆகாம ஒரு தடுப்பு இருந்துச்சு. அதை எடுத்தது நான். எடுத்தா என்ன ஆகும்னு தெரிஞ்சே எடுத்தேன்."

"நீங்க கம்பெனி சார்பா பேசுறீங்களா?"

"இல்ல மேடம். அவர் பொண்ணு பேசுறேன்."

"வாயால சொன்னா என்னால எதையும் நிறுத்த முடியாதும்மா. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீங்களா? நாளைக்குக் காலையில என் மேசையில இருக்கணும். அதுவரைக்கும் இடத்தைத் தொடாம வெச்சிருக்கேன்."

"கொடுக்கிறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மூத்தார் அவளைத் தாண்டித் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியாடா? உன் பெண்டாட்டி சோத்துல மண்ணைப் போட்டுட்டா" என்று சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமல் வாசலை நோக்கி நடந்தார்.

கணவன் கத்தவில்லை. கத்தினால் திருப்பிக் கத்தியிருப்பாள். அவன் குனிந்து பெஞ்சிலிருந்த மகளின் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எழுதிக் கொடுத்துட்டு எந்த வீட்டுக்கு வரதா உத்தேசம்?"

அவள் பையின் வாரை எட்டிப் பிடித்தாள். அவன் விலக்கிக்கொண்டான்.

"வா பாப்பா, போகலாம்" என்று மகளின் கையைப் பிடித்தான்.

"அம்மா?"

"அம்மாவுக்கு வேலை இருக்கு."

"அம்மா எப்ப வருவாங்க?"

"அதை உங்க அம்மாகிட்டயே கேளு" என்றான் அவன்.

குழந்தை நின்று, திரும்பி, அவளைப் பார்த்துக் கேட்டது. உள்ளே அப்பா இருமுகிற சத்தம் கேட்டது. சின்னவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். நாளைக்கு என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.